கார்ப்பெட்டில் ஒட்டிய சூயிங்கம்: உறைய வைத்து உடைப்பதுதான் முதல் வேலை

நமக்கு ஆடி பிறக்கும்போது கேரளத்தில் கர்க்கடகம் பிறக்கும். இரண்டு பக்கத்திலும் அந்த மாதத்தில் கல்யாணம் வைக்க மாட்டார்கள். செங்கோட்டையில் இருந்துகொண்டு புளியரை செக்போஸ்ட்டுக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் பந்தல், நாற்காலி, கார்ப்பெட் வாடகைக்கு விடுகிற எங்களுக்கு அதுதான் பழுது பார்க்கிற மாதம். கிழிந்த சாமியானாவைத் தைப்பது, ஆடுகிற மேஜைக் காலை இறுக்குவது, ஒயர் ஜாயின்ட்டுகளைப் பிரித்துக் கட்டுவது எல்லாம் அப்போதுதான். இவை அத்தனையையும்விட அதிகமாக நேரத்தைத் தின்பது கார்ப்பெட். அந்தக் கார்ப்பெட்டிலும் அதிகமாக நேரத்தைத் தின்பது சூயிங்கம்.

பாயசம் கொட்டினால் கவலைப்பட மாட்டேன். சாம்பார்கூடச் சோப்புக்குக் கட்டுப்படும். சூயிங்கம் அப்படி இல்லை. அவசரப்பட்டு இழுத்தால் நூலாக நீளும், தேய்த்தால் உள்ளங்கை அகலத்துக்குப் பரவும், வெந்நீர் ஊற்றினால் இன்னும் ஆழமாக இறங்கும். பந்தல் வேலைக்குப் புதிதாக வருகிற பையன்கள் எல்லோரும் முதலில் செய்வது நகத்தால் பிடித்து இழுப்பதுதான். அதனால் இந்த ஆடியில் செய்த வேலையை விவரமாக எழுதி வைக்கிறேன். வீட்டுக் கார்ப்பெட்டோ, கார் மேட்டோ, கல்யாண மேடையோ, முறை ஒன்றுதான்.

இந்த முறை கடைக்குள் கிடந்தவை நான்கு வகை. முதலாவது, பந்தல் நடைபாதையில் விரிக்கிற சிவப்பு ரோல். இதில் பின்னிய முடி எதுவும் கிடையாது. நாரை ஊசியால் குத்திக் குத்தி அழுத்திச் செய்த தடித்த விரிப்பு அது. இரண்டாவது, புனலூர்ப் பக்கம் ஓர் ஆடிட்டோரியத்தின் மேடைக் கார்ப்பெட். முடி சுருள் சுருளாக நிற்கும், அடியில் ரப்பர் பூச்சு இருக்கும். அங்கே வேலை பார்க்கிற மேனேஜர் நமக்குப் பழக்கம், அவர்தான் வண்டியில் ஏற்றி அனுப்பியிருந்தார். மூன்றாவது, ஆலப்புழைக் கயிற்று மிதியடிகள். நான்காவது, பந்தியில் விரிக்கிற பவானி ஜமக்காளங்கள்.

ஆடிட்டோரியக் கார்ப்பெட்டை விரித்துப் பார்த்தபோது மணமக்கள் நாற்காலி போடுகிற இடத்துக்குப் பக்கத்தில் ரோஸ் நிறத்தில் ஒரு பெரிய பபிள்கம் நசுங்கிக் கிடந்தது. சுற்றிலும் கறுத்துப்போன பழைய பொட்டுகள். இன்னொரு மூலையில் யாரோ ஏற்கெனவே கைவைத்திருந்தார்கள். பெயிண்ட் தின்னரை நேராக ஊற்றியிருக்க வேண்டும். மேலே கம் போயிருந்தது. ஆனால் அந்த இடத்தில் கையை வைத்தால் கார்ப்பெட் கொழகொழவென்று நகர்ந்தது. அடிப்பூச்சு கரைந்து, முடி வேரோடு கழன்று வந்தது.

"இது போகுமோ அண்ணாச்சி?" என்று மேனேஜர் போனில் கேட்டார்.

"கம் போயிரும் சேட்டா. தின்னர் ஊத்துன இடம் மட்டும் சரியாகாது. அதை வெட்டி எடுத்துட்டு வேற துண்டுதான் ஒட்டணும்" என்றேன்.

கம்மை எடுப்பதற்கு முன்னால் அது என்ன பொருள் என்று தெரிந்துகொள்வது நல்லது. அது தெரிந்துவிட்டால் எதைச் செய்யலாம், எதைச் செய்யக் கூடாது என்பது தானாகவே விளங்கிவிடும். சூயிங்கத்தில் சர்க்கரையும் வாசனையும் எச்சிலில் கரைந்து வயிற்றுக்குள் போய்விடுகின்றன. துப்பும்போது மிச்சம் இருப்பது வெறும் கம் பேஸ். அந்தக் காலத்தில் அது சப்போட்டா மரத்துப் பால். நம் வீட்டுச் சப்போட்டாக் காயைக் கிள்ளினால் வெள்ளையாக வடியுமே, அதே மரத்தின் பாலை மெக்சிகோ, குவாத்தமாலா காடுகளில் இறக்கிக் காய்ச்சிக் கட்டியாக்கி அனுப்பினார்கள். இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு பெரும்பாலும் செயற்கைப் பொருளுக்கு மாறிவிட்டார்கள். டயர் டியூபில் வருகிற பியூட்டைல் ரப்பர், அதன் நெருங்கிய உறவான பாலிஐசோபியூட்டிலின், தச்சர்கள் மரம் ஒட்டும் வெள்ளைப் பசையில் இருக்கிற பாலிவினைல் அசிட்டேட், இவையெல்லாம் தின்பண்டத்துக்கு உரிய தரத்தில் கம்மில் சேர்கின்றன.

ஆக, நாம் எடுக்க வேண்டியது ஒரு ரப்பரை. தென்மலை, புனலூர்ப் பக்கம் ரப்பர்த் தோட்டத்தில் வேலை செய்கிறவர்கள் சட்டையில் ஒட்டுப்பால் எப்படிப் பிடித்திருக்கும் என்று பார்த்தவர்களுக்கு நான் சொல்வது புரியும், கம்மும் அப்படித்தான். தண்ணீரை அது சேர்க்காது. சூட்டில் இளகும், குளிரில் விறைக்கும், எண்ணெயில் மசியும். இந்த மூன்றில் சூட்டை விட்டுவிடுங்கள். குளிரை முதலில் வையுங்கள், எண்ணெயைக் கடைசியில் கொஞ்சமாக வையுங்கள். கடைசியில் என்று நான் அழுத்திச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. கம்மை எடுப்பது பாதி வேலைதான். கம்முக்காக ஊற்றிய எண்ணெயைக் கார்ப்பெட்டிலிருந்து எடுப்பது மீதிப் பாதி. எண்ணெய் எவ்வளவு குறைகிறதோ அவ்வளவு தூரம் அந்தப் பாதி சுருங்கும்.

அடுத்து, கார்ப்பெட் எந்த நாரால் ஆனது என்று பார்க்க வேண்டும். கடைக்காரர்கள் எல்லாவற்றையும் 'நைலான்' என்றுதான் சொல்வார்கள். நான் நம்புவது தண்ணீர் டம்ளரை. ஓரத்தில் தெரியாத இடத்திலிருந்து நான்கைந்து முடி மட்டும் வெட்டிக்கொள்ள வேண்டும். அடிப்பூச்சு ஒட்டி வரக் கூடாது. டம்ளர் தண்ணீரில் ஒரு சொட்டுப் பாத்திரச் சோப்பு விட்டுக் கலக்கி, முடியை உள்ளே அமுக்கி, விரலால் பிசைந்து காற்றுக் குமிழை வெளியேற்றிவிட்டு விட்டுவிட வேண்டும். மேலே மிதந்து வந்தால் பாலிப்ரோப்பிலின். அது தண்ணீரைவிட லேசு, அடர்த்தி 0.91 அளவில் இருக்கும். நைலானுக்கு 1.14, பாலியெஸ்டருக்கு 1.38, இரண்டும் மூழ்கிவிடும். கம்பளி என்ற சந்தேகம் வந்தால் ஓர் இழையை இடுக்கியில் பிடித்துத் தீக்குச்சி காட்டலாம். முடி கருகுகிற நாற்றம் வந்து தானாக அணைந்தால் கம்பளி. உருகிச் சொட்டினால் செயற்கை நார். இதை வாசலில், கார்ப்பெட்டுக்குத் தூரமாக வைத்துச் செய்யுங்கள்.

எங்கள் சிவப்பு ரோல் மிதந்தது. ஆடிட்டோரியக் கார்ப்பெட் மூழ்கியது. நுனி உருகி, ஆறியதும் கல் மாதிரி ஒரு சின்ன உருண்டை ஆனது. நைலான்தான் என்று வைத்துக்கொண்டேன், பிற்பாடு நிறம் ஏறியிருந்த விதமும் அதையே காட்டியது. இந்த வித்தியாசம் எதற்கு என்றால், பாலிப்ரோப்பிலின் நிறத்தை உறிஞ்சாது, ஆனால் எண்ணெய்ப் பிசுக்கைப் பிடித்துக்கொள்ளும். நைலான் எண்ணெயை விட்டுக்கொடுக்கும், ஆனால் நிறத்தைப் பிடித்துக்கொள்ளும். ரோஸ் நிற பபிள்கம் நைலானில் கிடக்கும்போது கவலை இரட்டிப்பு.

சரி, குளிர் வைப்பதற்கு வருவோம். எல்லோரும் சொல்வது, ஐஸ் கட்டியைப் பிளாஸ்டிக் கவரில் போட்டுக் கம் மேல் வையுங்கள் என்பது. ஃபேனுக்கு அடியில் உலர்ந்த இடத்தில் சின்னப் பொட்டுக்கு அது போதும். ஆனால் உருகுகிற ஐஸ் பூஜ்யம் டிகிரிக்குக் கீழே போகாது. நல்ல தடிமனான பபிள்கம் அந்தக் குளிரில் விறைக்கும், ஆனால் உடையாது, வளைந்துகொடுக்கும். அதற்குக் குல்ஃபி வண்டிக்காரர்கள் செய்வதைத்தான் செய்ய வேண்டும். ஐஸோடு உப்பு.

கொல்லம் பக்கத்திலிருந்து மீன் வருகிற இடத்தில் பார் ஐஸ் உடைத்துத் தருவார்கள். ஒரு துண்டு வாங்கிச் சாக்கில் சுற்றி, சுத்தியலால் பட்டாணி அளவுக்கு நொறுக்கிக்கொண்டேன். மூன்று பங்கு ஐஸுக்கு ஒரு பங்கு கல்லுப்பு. இரண்டையும் கலந்து அடி தட்டையான எவர்சில்வர் டம்ளரில் அழுத்தி நிரப்பினால் சீக்கிரத்தில் டம்ளரின் வெளிப்பக்கம் வெள்ளைவெளேர் என்று பூக்கும். ஈரக் கையால் தொட்டால் தோல் ஒட்டிக்கொள்ளும், துணியைச் சுற்றிப் பிடியுங்கள். உப்பும் ஐஸும் சேர்ந்த கலவை மைனஸ் 21 டிகிரி வரை இறங்கக்கூடியது. கடை வாசலில் வைத்த டம்ளரில் அவ்வளவு வராது, ஆனால் நமக்கு வேண்டியதற்குத் தாராளம். முழுத் தட்டையாக நிற்கிற அந்த அடி கம் மேல் அப்படியே பொருந்தி உட்காரும். அதுதான் கவரில் போட்ட ஐஸ் கட்டிக்கும் இதற்கும் உள்ள பெரிய வேறுபாடு.

டம்ளருக்கும் கம்முக்கும் நடுவில் மெல்லிய பிளாஸ்டிக் தாள் ஒன்று வையுங்கள். வெளியே பூத்த பனி உருகிக் கார்ப்பெட்டில் இறங்காமல் இருக்கும். அதைவிட முக்கியம், உப்புத் தண்ணீர் சிந்தாமல் இருக்கும். உப்பு இறங்கிய கார்ப்பெட் மழைக்காலம் முழுக்க ஈரம் இழுத்துக்கொண்டே இருக்கும், எத்தனை வெயில் காட்டினாலும் பிசுபிசுக்கும்.

பத்து நிமிடம் அழுத்தி வைத்துவிட்டு எடுத்தேன். இனி எல்லாம் வேகமாக நடக்க வேண்டும். குளிர்ந்த கம் நம் ஊர்க் காற்றில் சட்டென்று இளகிவிடும். ஒரு கையால் சுற்றியுள்ள முடியைக் கீழே அமுக்கிப் பிடித்துக்கொண்டு, மறு கையில் கரண்டிக் காம்பால் கம்மின் நடுவில் இரண்டு தட்டு. நன்றாக உறைந்திருந்தால் 'டக்' என்று காய்ந்த சத்தம் வரும். மந்தமாக 'தொப்' என்று கேட்டால் இன்னும் உறையவில்லை, டம்ளரைத் திரும்ப வைக்க வேண்டும். இந்தச் சத்தத்தைப் பழகிக்கொண்டால் நேரம் பார்க்கவே வேண்டியதில்லை.

விரிசல் விட்டதும் பெயிண்டர்கள் பட்டி பார்க்கிற தகட்டைப் படுக்கையாகப் பிடித்து, ஓரத்திலிருந்து நடுவை நோக்கித் தள்ள வேண்டும். நடுவிலிருந்து ஓரத்துக்குத் தள்ளினால் சுத்தமான முடியில் துகள் சிதறும். முடியின் சாய்வுக்கு எதிராகவும் தள்ளக் கூடாது, சுருள் பிரிந்து நூல் வெளியே வந்துவிடும். ரோஸ் நிறக் கம் உடைந்த கண்ணாடி போலத் தெறித்தது. ஒவ்வொரு சில்லின் அடியிலும் கார்ப்பெட் முடியின் அச்சு கோடு கோடாகப் பதிந்திருந்தது. அப்படி அச்சோடு கழன்று வந்தால் அந்த இடத்தில் எண்ணெயே தேவைப்படாது. பையன் பக்கத்திலேயே வேக்குவம் கிளீனரைப் பிடித்துக்கொண்டு நின்றான். "தம்பி, உடைய உடைய இழு. விட்டா திரும்பவும் ஒட்டிக்கும்" என்று சொல்லிக்கொண்டே இருந்தேன். சில்லுகள் இளகுவதற்குள் உறிஞ்சி எடுக்காவிட்டால், ஒரு கம் இருந்த இடத்தில் இருபது குட்டிக் கம் ஒட்டியிருக்கும். வேக்குவம் இல்லாத வீட்டில் அகலமான செல்லோ டேப்பால் ஒற்றி எடுக்கலாம்.

முடி நுனியில் மட்டும் பிடித்திருந்த பொட்டுகள் முழுதாக வந்துவிட்டன. நாற்காலிக் கால் அழுத்தி, ஆள் மிதித்து, வேர் வரை இறங்கியிருந்த இடங்களில் மெல்லிய படலம் மிஞ்சியது. குளிர் வைத்து மறுபடி மறுபடி உடைத்ததில் அதுவும் பாதிக்கு மேல் குறைந்தது. பொறுமைதான் இங்கே செலவு. அதற்குப் பிறகும் மிஞ்சியதற்குத்தான் எண்ணெயை எடுத்தேன்.

எங்கள் பக்கத்தில் எண்ணெய் என்றதும் எல்லோர் கையும் தேங்காய் எண்ணெய்க்குத்தான் போகும். தலைமுடியில் ஒட்டிய கம்முக்கு அதைவிட நல்லது இல்லை, தடவிச் சீப்பால் வழித்துக் குளித்துவிடலாம். கார்ப்பெட்டுக்கு அது ஒத்துவராது. தேங்காய் எண்ணெய் 24 டிகிரி அளவிலேயே உறைந்துவிடும். இப்போதுதான் ஐஸ் வைத்து எடுத்த இடத்தில் விட்டால், கம்மை மசிக்காமல் தானே நெய்போல் கெட்டியாகி முடிக்குள் உட்கார்ந்துகொள்ளும். காற்றில் ஆவியாகிப் போவதும் இல்லை. நாள்பட்டால் சிக்கு வாடை வேறு. குற்றாலச் சாரல் அடிக்கிற மாதத்தில் அந்த வாடை இரட்டிப்பாகும்.

நான் பயன்படுத்துவது நீலகிரித் தைலம், அதாவது யூகலிப்டஸ் எண்ணெய். மருந்துக் கடையில் சின்னப் பாட்டிலில் கிடைக்கும். இதில் பெரும்பகுதி சினியோல் என்ற பொருள், கம் பேஸை நன்றாக இளக்கும். இளக்கிவிட்டுப் பெரும்பாலும் ஆவியாகிவிடும் என்பதுதான் இதன் பெரிய குணம். தீப்பற்றும் பொருள், அடுப்பு, விளக்கு, பீடி எதுவும் பக்கத்தில் கூடாது. குழந்தைகள் குடித்துவிட்டால் ஆபத்து, பாட்டிலைத் திறந்து வைத்துவிட்டு எழுந்து போகாதீர்கள். எந்தக் கார்ப்பெட்டாக இருந்தாலும் முதலில் ஒரு மூலையில் ஒரு சொட்டுத் தொட்டு வைத்து, வெள்ளைத் துணியால் ஒற்றிப் பார்த்து, சாயம் வருகிறதா என்று தெரிந்துகொண்டுதான் மேலே போக வேண்டும்.

தைலத்தைக் கார்ப்பெட்டில் ஊற்றக் கூடாது. தின்னர் செய்த கேட்டை இதுவும் செய்யும், அடிப்பூச்சில் இருப்பதும் ரப்பர்தானே. கம்மை இளக்குகிற எதுவும் அடிப்பூச்சையும் இளக்கும். பழைய வேட்டித் துணியை விரலில் சுற்றி, நுனியில் நாலு சொட்டு விட்டு, கம் இருக்கிற முடியை மட்டும் இரண்டு விரலுக்கு நடுவே பிடித்துக் கீழிருந்து மேலாக உருவினேன். இரண்டு மூன்று நிமிடத்தில் படலம் பிசின் போலாகித் துணியோடு சேர்ந்து வரும். ஒரு முறை உருவிய இடத்தால் மறுமுறை உருவக் கூடாது, துணியைத் திருப்பிக்கொண்டே போக வேண்டும். துணி கறுப்பாக வந்தால் கம்மோடு அழுக்கும் வருகிறது என்று அர்த்தம், நல்லதுதான்.

சிவப்பு ரோலில் இந்த வேலை கொஞ்சம் வேறு. அதில் உருவுவதற்கு முடியே இல்லை, நார் ஒன்றோடொன்று பின்னிக் கிடக்கும். ஒற்றி ஒற்றித்தான் எடுக்க வேண்டும். பாலிப்ரோப்பிலின் எண்ணெய்ப் பிசுக்கைப் பிடித்துக்கொள்ளும் என்று சொன்னேன் அல்லவா, அதனால் இதற்கு மட்டும் தைலத்தைப் பாதியாகக் குறைத்துக்கொண்டேன். நடைபாதையில் கிடந்து பழசாகிப்போன கறுப்புப் பொட்டுகள் சில, குளிருக்கும் தைலத்துக்கும் கட்டுப்படாமல் நாருக்குள்ளேயே இறுகிவிட்டன. அவற்றைப் பிளேடால் மேலாகச் சீவி எடுத்துவிட்டேன். ஊசியால் குத்திச் செய்த விரிப்பில் மேல் நாரைக் கொஞ்சம் சீவினால் தெரியாது, சீவிய இடத்தைக் கம்பி பிரஷால் இரண்டு முறை தட்டிவிட்டால் சமமாகிவிடும். சுருள் முடிக் கார்ப்பெட்டில் இதைச் செய்தால் மொட்டை விழும்.

இந்த இடத்தில் இஸ்திரிப் பெட்டியைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். கம் மேல் பிரவுன் தாளை வைத்துச் சூடான இஸ்திரிப் பெட்டியால் அழுத்தினால் தாளில் ஒட்டிக்கொண்டு வந்துவிடும் என்று பலரும் சொல்கிறார்கள். பாலிப்ரோப்பிலின் 160 டிகிரியை ஒட்டி உருகிவிடும், இஸ்திரிப் பெட்டியைப் பருத்தியில் வைத்தால் சூடு 200-ஐத் தொடும். தாள் நடுவில் இருப்பதால் உருகுவது கண்ணுக்குத் தெரியாது. எடுத்துப் பார்க்கும்போது இஸ்திரிப் பெட்டியின் முக்கோணம் கண்ணாடி மாதிரிப் பளபளக்கும். அதைச் சரிசெய்ய வழியே கிடையாது. உருகாத கார்ப்பெட்டாகவே இருந்தாலும், இளகிய கம்மில் பாதி தாளுக்கு வரும், பாதி வேருக்குப் போகும். வேண்டாம்.

இனி எண்ணெயை எடுக்கிற வேலை. தைலம் பட்ட இடத்தில் சாக்பீஸ் பொடியைத் தூவி, விரலால் முடிக்குள் இறக்கி, ஒரு ராத்திரி அப்படியே விட்டேன். சோள மாவு, மரச்சீனி மாவு என்று மாவு வகைகளும் எண்ணெயை இழுக்கும்தான். சாரல் காலத்தில் அவற்றை நான் சேர்ப்பதில்லை, கொஞ்சம் மிஞ்சினாலும் எறும்பும் பூஞ்சையும் வரும். முகப் பவுடர்கூடப் பரவாயில்லை. காலையில் உறிஞ்சி எடுத்துவிட்டு, ஒரு டம்ளர் வெதுவெதுப்பான தண்ணீரில் கால் டீஸ்பூன் பாத்திரம் கழுவும் திரவச் சோப்பு, அதற்கு மேல் வேண்டாம், கலக்கித் துணியை நனைத்துப் பிழிந்து ஒற்றினேன். சோப்பு அதிகமானால் அதுவே பிசுபிசுப்பாகத் தங்கி, மூன்று கல்யாணம் போவதற்குள் அந்த இடம் தனியாகக் கறுத்துத் தெரியும். கம் போன இடத்தில் வட்டமாக அழுக்குப் படிகிறது என்று பலர் சொல்வதற்குக் காரணம் இதுதான். கம் போயிருக்கும், சோப்பும் எண்ணெயும் போயிருக்காது. அதனால் சோப்புக்குப் பிறகு வெறும் தண்ணீரில் நனைத்த துணியால் இன்னும் இரண்டு மடங்கு நேரம் ஒற்ற வேண்டும்.

உலர்த்துவதுதான் எங்கள் ஊரில் உண்மையான சிரமம். வேலைக்கு ஓய்வு கிடைக்கிற மாதமும் சாரல் விழுகிற மாதமும் ஒன்றாக இருக்கிறது. ஆரியங்காவுக் கணவாய் வழியாகக் காற்று ஈரத்தைச் சுமந்துகொண்டே வரும். பங்குனியில் என்றால் முழுக் கார்ப்பெட்டையும் கழுவி மொட்டை மாடியில் போட்டுவிடலாம். ஆடியில் ஒரு சாண் அகலம் நனைந்தாலே உலர இரண்டு நாள் ஆகும், அடிப்பூச்சுக்குள் ஈரம் தங்கினால் பூஞ்சை வாடை வந்துவிடும். ஆகவே ஒற்றி முடித்த இடத்தில் வேட்டியை எட்டாக மடித்து வைத்து, அதன் மேல் பலகை, பலகை மேல் செங்கல். மேல் முடியில் உள்ள ஈரம் துணிக்கு ஏறும். துணியை மாற்றி மாற்றி வைத்தபின், கார்ப்பெட்டை இரண்டு பெஞ்சுகளின் மேல் பாலமாகப் போட்டு, அடியிலும் மேலும் டேபிள் ஃபேன். தரையில் விரித்தபடியே ஃபேன் போட்டால் மேலே காய்ந்த மாதிரித் தெரியும், அடியில் ஈரம் அப்படியே இருக்கும்.

ஆடிட்டோரியக் கார்ப்பெட் காய்ந்த பிறகு கம் சுத்தமாகப் போயிருந்தது, ரோஸ் நிறம் லேசாகத் தங்கியிருந்தது. எதிர்பார்த்ததுதான். தின்பண்டங்களில் போடுகிற சிவப்புச் சாயங்கள் பெரும்பாலும் துணிச் சாயக்காரர்கள் ஆசிட் சாயம் என்று சொல்கிற வகை. நைலானுக்கும் கம்பளிக்கும் சாயம் ஏற்றுவதே அந்த வகையால்தான். ஆகவே ஒன்றைக் கவனித்துக்கொள்ளுங்கள். எந்தக் கறைக்கும் வினிகர் போடு, எலுமிச்சம்பழம் தேய் என்று சொல்வார்கள். நைலானிலோ கம்பளியிலோ நிறமுள்ள பபிள்கம் இருந்தால் புளிப்பான எதையும் தொடாதீர்கள். புளிப்புத்தான் அந்தச் சாயத்தை நாரோடு கட்டிப்போடும். மருந்துக் கடையில் கிடைக்கிற 3 சதவீத ஹைட்ரஜன் பெராக்சைடை முதலில் மூலையில் சோதித்துப் பார்த்தேன். கார்ப்பெட்டின் சொந்த நிறம் மாறவில்லை. அப்புறம் பஞ்சில் தொட்டு நிறத்தின் மேல் மட்டும் வைத்து, கொஞ்ச நேரம் விட்டு, தண்ணீரால் ஒற்றினேன். பாதிக்கு மேல் வெளுத்துவிட்டது. உற்றுப் பார்த்தால் இன்னும் தெரியும். அதற்கு மேல் போனால் கார்ப்பெட்டின் நிறத்தையே இழக்க நேரும், நிறுத்திக்கொண்டேன். மேனேஜரிடமும் உள்ளதை உள்ளபடி சொல்லிவிட்டேன்.

கயிற்று மிதியடியில் வேலை சுலபம். தென்னை நார் முரடு, கம் அதன் நுனியில் உட்காருமே தவிர உள்ளே இறங்காது. உப்பு ஐஸ் டம்ளர், இரண்டு தட்டு, கம்பி பிரஷ், முடிந்தது. நுனியில் மிஞ்சியதைக் கத்தரிக்கோலால் நறுக்கிவிடலாம், யாருக்கும் தெரியாது. தண்ணீர் மட்டும் வேண்டாம், நாரிலிருந்து பழுப்புச் சாறு இறங்கி வட்டக் கறை ஆகிவிடும். அடியில் ரப்பரோ பிவிசியோ ஒட்டிய மிதியடி என்றால் தைலமும் வேண்டாம்.

ஜமக்காளம் இன்னும் சுலபம், இரண்டு பக்கமும் கை போகும். கம் இருக்கிற பக்கத்தைக் கீழே கவிழ்த்து, டம்ளரை முதுகுப் பக்கம் வைத்தால் குளிர் நூல் வழியாக, கம் துணியைப் பிடித்திருக்கிற இடத்துக்கே நேராகப் போகிறது. திருப்பிப் போட்டு மடித்தால் தானே தெறித்துவிடும். சின்ன விரிப்பாக இருந்தால் பாலித்தீன் பையில் கட்டி ஃப்ரீசரில் வைத்துவிடலாம், கார் மேட்டுக்கும் இதுவே போதும். சபரிமலைச் சீசனில் இந்த வழியாகப் போய்வருகிற வேன் ஓட்டுநர்கள் என்னிடம் கேட்கும்போது இதைத்தான் சொல்வேன். சீட்டுக்கு அடியில் ஒட்டிய, கழற்ற முடியாத கார்ப்பெட்டுக்கு மட்டும் டம்ளர் முறை. கம் போனதும் ஜமக்காளத்தைத் துவைக்கலாம்தான். ஆனால் முதலில் ஈர வெள்ளைத் துணியால் சிவப்புக் கோட்டைத் தேய்த்துச் சாயம் ஓடுகிறதா என்று பாருங்கள்.

எல்லாவற்றையும்விட லாபமானது, விழுந்த அன்றைக்கே எடுப்பது. புதுக் கம் நுனியில்தான் இருக்கும், மிதிபட மிதிபடத்தான் வேருக்குப் போகும். அதனால் ஆவணி பிறந்ததும் வண்டியில் போகிற சாமான்களோடு ஒரு டப்பாவும் போக வேண்டும் என்று முடிவு செய்திருக்கிறேன். அந்தப் பக்கத்தில் அது சிங்கம் மாதம், முகூர்த்தங்கள் நெருக்கமாக வரும். பட்டித் தகடு, தட்டை அடி டம்ளர், ஒரு பொட்டலம் கல்லுப்பு, வேட்டித் துணி, நீலகிரித் தைலம். ஐஸைச் சுமக்க வேண்டியதில்லை, எந்தக் கல்யாணத்திலும் ஜூஸ் போடுகிற இடத்தில் கிடைக்கும். மேடைப் பக்கம் கம்மைப் பார்த்தால் உடனே அதன் மேல் ஒரு நாற்காலியைப் போட்டு யாரும் மிதிக்காமல் காத்துக்கொண்டு, பந்தி முடிந்து கூட்டம் கலைந்ததும் டம்ளரை வைக்கச் சொல்லிப் பையன்களிடம் சொல்லியிருக்கிறேன். கார்ப்பெட்டைச் சுருட்டுவதற்கு முன்னால் இது நடந்தாக வேண்டும். கம்மோடு சுருட்டிவிட்டால் அடுத்த சுற்றின் முதுகிலும் ஒட்டிக்கொண்டு, ஒரு வேலை இரண்டாகிவிடும்.